அப்பிச்சிக்குப் பிடித்தது

கோயமுத்தூரில் செத்துப்போன தாத்தாக்கள் எல்லோரும் இப்போது ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள். யாரிடம் கேட்டாலும் அவருடைய தாத்தா வெள்ளைச் சட்டை போட்டிருப்பார், மெல்லப் பேசுவார், தலையைத் தடவிக் கொடுப்பார், கோபம் என்றால் என்னவென்றே தெரியாது. ஊருக்குள் இத்தனை சாதுவான கிழவர்கள் வாழ்ந்திருந்தால், காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறி நின்று பக்கத்து வீட்டுக்காரனோடு மல்லுக்கு நின்றதெல்லாம் யார் என்று நறுமுகைக்குச் சந்தேகம் வரும்.

எல்லாம் 'ஒருகனவு' என்ற ஏற்பாடு வந்த பிறகுதான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், கருமாதிக்கு முன்னால் குடும்பத்தோடு நினைவகத்துக்குப் போகிறார்கள். வரிசையாகப் படுக்கவைத்து, நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி, ஆளாளுக்கு மனதில் இருக்கும் இறந்தவரை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, அத்தனை பேரையும் ஒரே கனவுக்குள் இறக்கிவிடுகிறார்கள். அங்கே இறந்துபோனவர் வந்து உட்கார்ந்திருப்பார். பேசலாம், தொடலாம், மடியில் விழுந்து அழலாம். எழுந்து வரும்போது நெஞ்சுப் பாரம் இறங்கியிருக்கும்.

அதில் ஒரு சின்னச் சங்கதி உண்டு. எல்லோருக்கும் ஒரே ஆளாக வரவேண்டும் என்பதால், ஒருவர் நினைவுக்கு இன்னொருவர் நினைவு ஒத்துவராத இடங்களை எந்திரம் இழைத்து வழவழப்பாக்கிவிடும். இழைத்தது இழைத்ததுதான், விழித்த பிறகும் பழையபடி வராது. அதற்காக யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. துக்கம் தொலைந்தால் சரி என்று இருந்துவிட்டார்கள்.

நறுமுகையின் அப்பிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற அப்பா சென்னியப்பன், வழவழப்பான ஆள் அல்ல. பொள்ளாச்சிக்கும் கோயமுத்தூருக்கும் நடுவே தனியார் பஸ் ஓட்டியவர். பஸ்கள் தாமாகவே ஓட ஆரம்பித்து வேலை போன பிறகும், எங்கே கிளம்பினாலும் முன்சீட்டில்தான் உட்காருவார். வளைவு வந்தால் அவருடைய வலது கால் தன்னால் தரையை அழுத்தும். "இவனுக்கு என்ன தெரியும், நாய் குறுக்க வந்தா யோசிச்சுட்டு நிப்பான்" என்று ஆளில்லாத டிரைவர் சீட்டைப் பார்த்துத் திட்டுவார். நாய் குறுக்கே வந்தால் பஸ் ஒழுங்காகத்தான் நிற்கும். அதற்கும் திட்டுவார்.

அவர் போனது ஒரு காலை நேரத்தில். நாற்காலியில் உட்கார்ந்தபடி, "கிருத்தி, ஒரு வாய் காப்பி குடு சாமி" என்று கேட்டார். நறுமுகையின் அம்மா கிருத்திகா போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இருங்கப்பா, வர்றேன்" என்றாள். காப்பியோடு வந்தபோது அவர் தலை சாய்ந்திருந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து கிருத்திகாவுக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் காப்பி ஆறுகிறது என்று பதறி எழுந்துவிடுவாள். பக்கத்தில் படுத்திருக்கும் நறுமுகையும் அவளோடு எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

"ஒரே ஒருக்கா அவர் கைல அந்த டம்ளரக் குடுத்துட்டாப் போதும் கண்ணு" என்றாள் அம்மா. "நீயும் வந்தாத்தான் ஆகும். உங்கப்பா கப்பல் கப்பலா சுத்தறாரு, நான் வேலைக்குப் போயிருவேன். அப்பிச்சியோட எப்பவும் கூட இருந்தவ நீதான? உன்ற நெனப்பு இல்லாம அவர் முழுசா வரமாட்டாருன்னு நினைவகத்துல சொல்லிப்போட்டாங்க."

"வேற வழியில்லையாம்மா?"

"எனக்குத் தூங்கோணும் நறு. எப்படியாச்சும் தூங்கோணும்."

அதற்குமேல் என்ன சொல்வது? நறுமுகைக்குப் போகப் பிடிக்கவில்லை. காரணத்தை அம்மாவிடம் சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் காரணம் அம்மாவின் அக்கா, கோகிலவாணி.

கோகிலவாணிப் பெரியம்மா ஊரறிந்த சண்டைக்காரி. ரேஷன் கடையில் எடை குறைந்ததற்குத் தராசையே தூக்கிக்கொண்டு தாசில்தார் ஆபீசுக்கு நடந்தவள். சாலை விபத்தில் அவள் போனபோது நறுமுகை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். குடும்பமே ஒருகனவுக்குக் கிளம்பியது. சிறுபிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள் என்பதால் அவளை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பசியோடு வருவார்களே என்று அவள் அடுப்பைப் பற்றவைத்து வாழ்க்கையில் முதல்முறையாகத் தோசை வார்த்தாள். அத்தனையும் கருகிப்போயின.

திரும்பி வந்தவர்கள் முகத்தில் தூக்கக் கலக்கமும் ஒரு சிரிப்பும் இருந்தன. "அக்கா எவ்வளவு அமைதியானவ, ஒரு வார்த்தை அதட்டிப் பேசியிருப்பாளா?" என்று அம்மா சொன்னபோது நறுமுகைக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே முதலில் புரியவில்லை. அம்மாவின் அண்ணன் பிரகதீஷ் மாமாவும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

அப்பிச்சி மட்டும் பேசாமல் வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். கருகின தோசையைப் பிட்டு வாயில் போட்டார். மெல்லுவதைச் சட்டென்று நிறுத்தினார். எதையோ எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இதுதான் சாமி எனக்குப் புடிச்சது. இனிமே எனக்கு இப்படியே ஒண்ணு சுட்டுக் குடு" என்றார். கொஞ்சம் பொறுத்து, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டார்: "உன்ற பெரியம்மா எப்படி இருப்பா அம்மிணி?"

"கத்திட்டே இருப்பாங்க அப்பிச்சி."

"அப்படியா? கத்துவாளா?" என்றார் அவர். அந்த முகத்தை நறுமுகை இன்றுவரை மறக்கவில்லை.

அதன்பிறகு அது அவர்கள் இருவருக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. பஸ்ஸில் முன்சீட்டில் போகும்போது, "அந்தத் தராசுக் கதையச் சொல்லு" என்பார். சொல்வாள். "அப்பறம்? தாசில்தார் என்ன பண்ணுனான்?" என்று புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பெற்ற மகளின் சண்டைகளைப் பேத்தி வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அந்த மனுஷனுக்கு. நறுமுகை தோசை சுட்டால் கடைசி ஒன்றைக் கருக விட்டுத்தான் அவர் தட்டில் போடுவாள். பேத்தி மனசு நோகக்கூடாது என்று தின்கிறார் என வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வளர்ந்த பிறகு அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் கருக விடுவதை அவள் நிறுத்தவில்லை.

அம்மாவிடமும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். கிருத்திகாவின் இடது முழங்கைக்குக் கீழே ஒரு பழைய சூட்டுத் தழும்பு உண்டு. எப்படி வந்தது என்று கேட்டால் தெரியாது என்பாள். "பெரியம்மா தோசைத் திருப்பியால வெச்ச சூடும்மா. சின்ன வயசுல முறுகல் தோசை உனக்கா எனக்கான்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்களாம். பெரியம்மாவே எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சாங்க" என்றாள் நறுமுகை.

கிருத்திகாவின் முகம் சிவந்துவிட்டது. "என்ற அக்கா அப்படிப்பட்டவ இல்ல. போய்ச் சேர்ந்தவளப் பத்தி வாய்க்கு வந்தபடி பேசாத" என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இப்போது ஒருகனவுக்குள் போனால் அப்பிச்சியையும் இழைத்துவிடுவார்கள். தரையை அழுத்தும் அந்தக் கால் போகும், வசவு போகும், கருகின தோசை போகும். முன்சீட்டுக் கதைகள் போனால் அவற்றோடு பெரியம்மாவும் போவாள். அவள் உயிரோடு இருந்த மாதிரியே இருப்பது உலகத்தில் நறுமுகையின் தலைக்குள் மட்டும்தான். ஆனால் எதிரில் நிற்பது அம்மா, கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு. நறுமுகை செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நினைவகம் அவிநாசி சாலையில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. உள்ளே மங்கலான வெளிச்சம், எங்கிருந்தோ சாம்பிராணி வாசனை, எழுந்திருக்கவே மனம் வராத மெத்தைகள். பிரகதீஷ் மாமாவும் ஷர்மிளா அத்தையும் முன்பே வந்திருந்தார்கள். கிருத்திகாவின் கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் அப்பாவின் எவர்சில்வர் டம்ளர். கனவுக்குள் அதைக் கொண்டுபோக முடியாது என்று சொல்லியும் கேட்காமல் எடுத்து வந்திருந்தாள்.

அங்கே பொறுப்பில் இருந்த பெண்ணின் பெயர் பர்வீன். பேச்சும் நடையும் நிதானமானவை.

"படுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விங்க" என்றாள். "கனவு அலைபாயாம நிக்கறதுக்கு ஒரு நங்கூரம் வேணும். நாக்குலயும் மூக்குலயும் இருக்கற ஞாபகம்தான் கெட்டியா நிக்கும். அதனால ஐயாவுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு ஒண்ணு சொல்லுங்க. எல்லாரும் ஒரே பதிலாச் சொல்லணும்."

"அரிசிம்பருப்புச் சோறு" என்றார் மாமா.

"கச்சாயம்" என்றாள் அம்மா.

"மோர்க்குழம்பு" என்றாள் அத்தை. மூன்றும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

"மோர்க்குழம்பா? அப்பாவுக்கா?" என்று மாமா மனைவியைப் பார்த்தார்.

"ஏனுங்க, என்ற வாயால ஏன் சொல்லோணும்னு இருந்தேன். போன தீவாளிக்கு எங்கிட்டயே சொன்னாருங்க. 'ஆருகிட்டயும் சொல்லிப்போடாத ஷர்மிளா, இந்த வீட்டுல உன்ற மோர்க்குழம்புக்கு அப்பறந்தான் மத்ததெல்லாம்'னு."

"ஆருகிட்டயும் சொல்லாதன்னு எங்கிட்டயும்தான் சொன்னாரு. பொங்கலப்ப. நான் ஆக்குன அரிசிம்பருப்புச் சோத்துக்கு."

"எனக்கு அதுக்கும் அப்பறம்" என்றாள் கிருத்திகா. "வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக் குடுத்தேன். கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. எங்கப்பா எங்கிட்டப் பொய் சொல்லமாட்டாரு."

பர்வீன் ஆளுக்கொரு பட்டையைக் கட்டி, அந்தந்த நினைவைத் திரையில் போட்டுக் காட்டினாள். வெவ்வேறு தட்டு, வெவ்வேறு சோறு, ஆனால் ஒரே கிழவர். கண் சுருங்கி, கன்னம் உப்பி, உலகமே மறந்து மென்றுகொண்டிருந்தார். நறுமுகை திரைப் பக்கம் சாய்ந்தாள். கை நீட்டித் தொட்டுவிடலாம் போலிருந்தது.

"யாரும் பொய் சொல்லலைங்க" என்றாள் பர்வீன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ஐயாவும் பொய் சொல்லலை. எல்லாத்துலயும் அதே சந்தோசம்தான் இருக்கு. ஆனா இப்படி இருந்தா கனவு நிக்காது. யார்கிட்ட அவரைப் பத்தி நிறைய இருக்கோ அவங்க ஒண்ணை முடிவு பண்ணினா, மத்தவங்களோடதை அதுக்கேத்த மாதிரி மாத்திடலாம்." நறுமுகை பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் அம்மாவைப் பார்த்தாள். கிருத்திகா மஞ்சப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"கச்சாயம்னே போட்டுக்கங்க" என்றாள் நறுமுகை. சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு மெத்தையில் படுத்தாள். போய்வருகிறேன் அப்பிச்சி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

விளக்கு இன்னும் மங்கியது. எந்திரம் மெல்ல முனக ஆரம்பித்து, பிறகு நின்றுவிட்டது. பர்வீன்தான் நிறுத்தியிருந்தாள்.

"மன்னிச்சுக்கங்க. இதைச் சொல்லாம என்னால ஆரம்பிக்க முடியலை" என்றாள். "திரையில முகத்தைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்துச்சு. இவர் இங்க வந்திருக்காரு. போன மழைக்காலத்துல, தனியா."

"அப்பாவா? எதுக்கு?" என்று மாமா எழுந்து உட்கார்ந்தார்.

"நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கறேன், எதிர்ல வந்து உட்கார்ந்துட்டார். 'ஏம்மா, என்ற மூத்த பொண்ண இங்க கொண்டாந்துதான் இழைச்சோம். திருப்பித் தரமுடியுமா?'ன்னு கேட்டார். முடியாதுங்க ஐயான்னேன். 'ஊரே அவளச் சண்டைக்காரிங்குது. எனக்கு ஒரு சண்டைகூட நெனப்பு வரமாட்டேங்குது. என்ற பேத்தி சொல்லித்தான் எனக்கு என்ற மக. பெத்தவனுக்கு இது போதுமா?'ன்னார்."

பர்வீன் தொடர்ந்தாள்.

"அப்புறம், இந்த எந்திரம் எங்க மக்கர் பண்ணும்னு கேட்டார். வண்டி ஓட்டினவராம். நான் விளையாட்டாத்தான் நங்கூரத்தைப் பத்திச் சொன்னேன், ஆளுக்கொண்ணு சொன்னாக் கனவே நிக்காதுங்க ஐயான்னு. அப்படியான்னு சிரிச்சார். போறப்ப என் டப்பாவிலிருந்து ரெண்டு வாய் தக்காளி சோறு எடுத்துச் சாப்பிட்டு..." சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டாள்.

"இதுதான் எனக்குப் புடிச்சதுன்னாராக்கு?" என்றாள் அத்தை.

"ஆமாங்க. யார்கிட்டயும் சொல்லாதன்னும் சொன்னார்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். இந்த வயதில், சத்தமே இல்லாமல், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் வாயையும் தனித்தனியாகக் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறாரே என்று அவருக்கு ஆச்சரியம். நறுமுகைக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் கருகின தோசையும் அந்த மாதிரி ஒரு நல்ல வார்த்தைதானா?

கிருத்திகா நெற்றிப் பட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். மற்றக் கை இடது முழங்கைக்குக் கீழே இருந்த தழும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"நறு, நீ அன்னிக்குச் சொன்னது நெசமா?"

"நெசந்தாம்மா."

"அக்கா எனக்குச் சூடு வெச்சிருக்கா" என்றாள் கிருத்திகா. "அது எனக்குன்னு அவ வெச்சுட்டுப் போனது. அதக்கூட வேண்டாம்னு இங்க குடுத்துட்டுப் போயிருக்கனே நான்."

அவள் அழுது முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு அவளே எழுந்தாள். "எந்திரிங்க, போலாம்."

"அப்பாவப் பார்க்க வேண்டாமா?" என்றார் மாமா.

"இழைச்ச அப்பா வேண்டாண்ணா. அவரே வேண்டாம்னுட்டுத்தான போயிருக்காரு?"

"காப்பி?" என்றாள் நறுமுகை மெதுவாக.

கிருத்திகா மஞ்சப்பையைப் பார்த்தாள். "குடுக்காமப் போனது குடுக்காமப் போனதாவே இருக்கட்டும் கண்ணு. இங்க குடுத்துட்டா, 'ஒரு வாய் காப்பி குடு சாமி'ன்னு அவர் கேட்டதும் எங்கிட்ட இருந்து போயிருமில்ல? அது எனக்கு வேணும்."

கருமாதியன்று படையல் இலையில் இடம் போதவில்லை. அரிசிம்பருப்புச் சோற்றை ஒட்டி மோர்க்குழம்பு, அதன் கரையில் கச்சாயம். பர்வீனும் ஒரு டப்பாவோடு வந்து தயங்கித் தயங்கி வாசலில் நின்றாள். அத்தை உள்ளே இழுத்துவந்து தக்காளி சோற்றையும் வைக்கச் சொன்னாள். ஆவி பறக்கும் காப்பியை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கிருத்திகா தன் கையால் வைத்தாள். கடைசியாக நறுமுகை கரிக்கட்டையாக ஒரு தோசையைக் கொண்டுவந்தாள்.

"கருகுனதையா படையலுக்கு வெப்பாங்க?" என்று பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார்.

"வெய்யி அம்மிணி" என்றார் மாமா. "ஆரும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

வந்தவர்கள் போன பிறகு வீட்டு ஆட்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவரவர் தாம் கண்ட அப்பாவை, அப்பிச்சியை, மாமனாரைச் சொன்னார்கள். ஒன்றுக்கொன்று ஒத்தே வரவில்லை. மாமா கண்ட அப்பா கண்டிப்பானவர், அத்தை கண்டவர் அசட்டுத்தனமாகக் கேலி பேசுகிறவர். நடுநடுவே நறுமுகை பெரியம்மாவின் சண்டைகளைச் சொன்னாள். தராசுக் கதைக்குக் கிருத்திகா வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்து கேட்டாள். தோசைத் திருப்பிக் கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். முறுகல் தோசைக்கு அடித்துக்கொண்டது, சூடு வைத்தது, அலறியது. நறுமுகைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உண்ட மயக்கம் எல்லோரையும் சாய்த்தது. கூடத்தில் பாய் விரித்து ஆளாளுக்கு விழுந்தார்கள். சன்னல் திரை வெயிலில் மஞ்சளாகி, மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. மின்விசிறி ஒரே ராகத்தில் முனகியது. நறுமுகை சுவரில் சாய்ந்து அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அறை முழுக்கத் தூக்கம், தண்ணீர்போல நிறைந்திருந்தது. மாமா குறட்டை விட்டார். தூக்கத்திலேயே அவருடைய வலது கால் நீண்டு தரையை ஓர் அழுத்து அழுத்தி விலகியது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பிச்சி போன நாளிலிருந்து முதல்முறையாக, கையும் காலும் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து, குழந்தைபோலத் தூங்கினாள்.

அவள் உதடு அசைந்தது. "விடுக்கா... அது என்ற தோசை..."

நறுமுகை புன்னகைத்தாள். மத்தியானம் கேட்ட கதை கனவில் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கிருத்திகா புரண்டு படுத்தாள். இடது கையைச் சுருக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு மெல்லிய, சின்னப் பெண்ணின் குரலில் செல்லமாகச் சிணுங்கினாள்.

"அப்பா... நாங்க சண்ட போட்டதுல அது கருகியே போச்சே... அதப் போய் நீங்க தின்னுட்டீங்களா?"

நறுமுகை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது அவள் சொன்ன கதையில் இல்லை. பெரியம்மா அவளிடம் சொன்னதிலும் இல்லை.

மெல்லுவதை நிறுத்திவிட்டு எதையோ தேடியபடி உட்கார்ந்திருந்த அந்த முகம் அவள் கண்முன் வந்து நின்றது. எந்திரம் இழைத்துவிட்டதாக எல்லோரும் நம்பியதில் ஒரு துணுக்கு அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அது என்னவென்று அவருக்கே தெரியவில்லை. தெரியாமலேயே, ஒவ்வொரு தோசையிலும் அதைத் தேடித் தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

அவள் அம்மாவை எழுப்பவில்லை. ஓசைப்படாமல் எழுந்து போய்ப் படையல் இலையின் முன்னால் உட்கார்ந்தாள். டம்ளரில் காப்பி ஆறிப்போயிருந்தது. கருகின தோசையில் ஒரு வாய் பிட்டு வாயில் போட்டு, அவசரப்படாமல் மென்றாள்.